வருநீரைப் பங்கிடும் முறை



காலையில் எழுந்து குழாயைத் திருகுகிறோம்; தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிறு பிள்ளையும் ஓர் ஏரியின் பெயரையோ ஆற்றின் பெயரையோ சொல்லும். குளித்து முடித்த பின், பாத்திரம் துலக்கிய பின், அதே தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "சாக்கடைக்குப் போகிறது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரும் நீரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அளவுக்குப் போகும் நீரைப் பற்றிக் கற்பிப்பதில்லை.

அந்தப் போகும் நீரைப் பற்றி, அதிலும் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும், உங்களோடு பேச விழைகிறேன். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் கழிவு நீரை அங்குள்ள தொட்டிகளுக்கு எவ்வாறு பங்கிட்டு அளிக்கிறார்கள் என்பதே அது. "இதில் என்ன பெரிய கலை இருக்கிறது? குழாயைக் கிளைகளாகப் பிரித்துவிட்டால் தண்ணீர் தானே ஓடிக்கொள்ளாதா?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எங்கே மாறியது என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் கழிவு நீர் என்பது யாது என்று பார்ப்போம். வீடுகளிலிருந்து வரும் கழிவு நீரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அழுக்கு. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கும் தண்ணீரே. ஆனால் அந்த ஒரு பங்கு செய்யும் தீங்கு சிறிதன்று. அதிலுள்ள சேதனப் பொருள்களைப் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள் உண்கின்றன. உண்ணும்போது, நம்மைப் போலவே, பிராணவாயுவைச் செலவிடுகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு ஏழு அல்லது எட்டு மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் கழிவு நீரோ ஐந்து நாட்களில் இருநூறு முதல் முந்நூறு மில்லிகிராம் வரை கேட்கும். ஒரு லிட்டர் சாக்கடை நீர், ஏறக்குறைய முப்பது லிட்டர் ஆற்று நீரின் பிராணவாயு முழுவதையும் விழுங்கிவிடக் கூடும் என்பது இதனால் விளங்கும். அப்போது மீன் மடிகிறது, நீர் கறுக்கிறது, துர்நாற்றம் எழுகிறது.

ஆற்றில் நடக்க இருக்கும் இந்த விருந்தை ஆற்றுக்கு வெளியே, ஒரு தொட்டிக்குள், நம் கண்காணிப்பிலேயே நடத்தி முடித்துவிட்டால் என்ன? உயிரியல் முறைச் சுத்திகரிப்பின் கருத்து முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

இத்துறையில் புகழ்பெற்ற சோதனை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் நடந்தது. எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் கழிவு நீரைப் பாட்டில்களில் நிரப்பி, அதனுள் காற்றைச் செலுத்தி வந்தனர். முதல் முறை நீர் முற்றும் தூய்மையடைய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை மட்டும் எறியாமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் புதிய கழிவு நீரை ஊற்றி மீண்டும் காற்றூட்டினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்ய, வேண்டிய காலம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் ஒரே நாளில் வேலை முடிந்தது. 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர்கள் இதனை அறிஞர் அவையில் வெளியிட்டனர்.

எறிந்துவிட வேண்டியது என்று எல்லோரும் எண்ணிய அந்தச் சேற்றில்தான் வேலையாட்கள் இருந்தார்கள்! கோடானுகோடி நுண்ணுயிர்கள் திரண்டு வாழும் அந்தச் சேற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' என்று பெயரிட்டனர். நாம் அதை 'உயிர்க்கசடு' என்று வைத்துக்கொள்வோம். இவ்விருவருக்கும் வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் என்னும் விஞ்ஞானி 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்பதும் நாம் அறியத்தக்கது. சென்னையில் கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள நிலையங்களில் நடப்பதும் அடிப்படையில் இந்த உயிர்க்கசடு முறையே.

நிலையத்தின் அமைப்பு எளியது. காற்றூட்டுத் தொட்டியில் கழிவு நீரும் உயிர்க்கசடும் கலந்து, காற்றினால் கொந்தளித்துக்கொண்டு நகரும். அங்கிருந்து தெளிவுத் தொட்டிக்குச் செல்லும். அங்கே அமைதி நிலவுவதால் கசடு அடியில் படியும். தெளிந்த நீர் மேலே வழிந்து வெளியேறும். படிந்த கசடு மீண்டும் காற்றூட்டுத் தொட்டிக்கே திருப்பி அனுப்பப்படும்.

இங்கே மூன்று பொருள்கள் ஓரிடத்தில் கூட வேண்டும். உணவு ஒன்று, அது வரும் கழிவு நீரில் இருக்கிறது. உண்போர் ஒன்று, அவர்கள் உயிர்க்கசட்டில் இருக்கின்றனர். காற்று ஒன்று. உணவு மிகுந்து உண்போர் குறைந்தால் உணவு மிஞ்சி ஆற்றுக்குப் போகும். உணவும் உண்போரும் மிகுந்து காற்றுப் போதாவிட்டால் தொட்டியே நாறும். ஆகவே வருநீரைப் பங்கிடுதல் என்பது தண்ணீரைப் பங்கிடுதல் மட்டும் அன்று, உணவைப் பங்கிடுதல்.

இப்பங்கீடு மூவகைப்படும். ஒத்த தொட்டிகளுக்கு இடையே ஒத்த பங்கு; ஒரே தொட்டிக்குள் தாங்கும் வலிமைக்கு ஏற்ற பங்கு; ஆபத்துக் காலத்தில் வேண்டுமென்றே ஒத்திராத பங்கு. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வகையை நான் கற்றது ஒரு நூலிலிருந்து அன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, பணியில் இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவர்களை ஒரு நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரே அளவுள்ள இரண்டு காற்றூட்டுத் தொட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் நீர் நல்ல பழுப்பு நிறமாய், மண் வாசனையோடு புரண்டுகொண்டிருந்தது. மற்றதில் நீர் கறுத்து, அருகே நிற்க முடியாதபடி நாற்றம் வீசியது.

ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, இரண்டும் ஒரே தொட்டிதானே? ஒரே சாக்கடைதானே வருகிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. அங்கே பணிபுரிந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வா தம்பி, காட்டுகிறேன்" என்று எங்களைப் பங்கீட்டுப் பெட்டிக்கு அழைத்துச் சென்றார். வரும் நீர் அப்பெட்டியில் நிரம்பி, இரண்டு பக்கமும் உள்ள தடுப்புகளின் மேல் வழிந்து இரு தொட்டிகளுக்கும் போகிறது. ஏரிக் கலிங்கின் மேல் தண்ணீர் வழிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவை சிறு கலிங்குகள். அம்முதியவர் ஒரு நீண்ட பலகையை இரு கலிங்குகளின் மேலும் குறுக்கே வைத்து, அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஓடிவிட்டது. கட்டடம் ஒரு புறம் சற்றே அமிழ்ந்து, ஒரு கலிங்கு மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. "எழுதிக் கேட்டிருக்கிறோம், ஐயா, இன்னும் சரிசெய்ய ஆள் வரவில்லை" என்றார் அவர்.

ஒரு சென்டிமீட்டர்! நம் சுண்டு விரலின் அகலம்கூட இராது. அதனால் என்ன நேர்ந்துவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு மறுநாள் வகுப்பில் சொன்னேன். நீங்களும் போடலாம். நேரான விளிம்புள்ள கலிங்கின் மேல் வழியும் நீரின் அளவு, விளிம்புக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் தொகைக்கு ஏற்ப அமையும். உயர்ந்த கலிங்கின் மேல் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால், தாழ்ந்ததன் மேல் 11 சென்டிமீட்டர் நிற்கும். கணக்கிட்டால், தாழ்ந்த பக்கம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகுதியாகப் போகிறது. இரவில் வரத்துக் குறைந்து நீர் 4 சென்டிமீட்டர்தான் நிற்கிறது என்று கொள்வோம். நான்கை அதன் வர்க்கமூலமாகிய இரண்டால் பெருக்க, எட்டு. மறுபுறம் ஐந்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்க, பதினொன்றுக்கும் சற்று மேல். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது மிகுதி! வரத்துக் குறையக் குறைய வேறுபாடு பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாழ்ந்த கலிங்கின் பக்கத்துத் தொட்டிதான் கறுத்துக் கிடந்தது. நுண்ணுயிர்கள் மீது குற்றமில்லை. காற்று இயந்திரத்தின் மீதும் குற்றமில்லை. பரிமாறிய கை சாய்ந்திருந்தது, அவ்வளவே.

இக்குறையைத் தவிர்க்கப் பொறியாளர்கள் செய்வன எளியவை. கலிங்கின் விளிம்பில் ஏற்றி இறக்கத்தக்க உலோகத் தகட்டைத் திருகாணியால் பொருத்துவர். வேகமாய் ஓடிவரும் நீர் தன் வேகத்தாலேயே ஒரு பக்கம் மிகுதியாகப் பாயும் ஆதலால், பெட்டியின் அடியிலிருந்து நீரை மேலெழச் செய்து, அதன் வேகம் தணிந்த பின்னரே வழியவிடுவர். கந்தல் துணியோ பிளாஸ்டிக் பையோ விளிம்பில் சிக்கினால் பங்கு மாறிவிடும்; ஆகவே நாள்தோறும் அதனைத் துடைத்துவிடுவர். திரும்பி வரும் கசட்டையும் இவ்வாறே ஒத்த பங்காகப் பிரிப்பர்; உணவைச் சமமாக இட்டு உண்போரைச் சமமாக விடாவிட்டால் பயன் இல்லை அன்றோ?

உயிர்க்கசடு முறைக்கு முன்பே வழக்கில் இருந்த கற்படுகை முறையில் இதே சமப் பங்கீட்டை வேறு வகையில் நிறைவேற்றினர். வட்டமான தொட்டியில் கற்களை ஆளுயரத்துக்கு நிரப்பி, அவற்றின் மேல் கழிவு நீரைத் தெளிப்பார்கள். கற்களின் மேல் வழுவழுப்பாகப் படர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் அதனைத் தூய்மை செய்யும். தெளிப்பதற்கு நடுத்தூணிலிருந்து நீண்ட குழாய்க் கைகள் இருக்கும். கைகளின் ஒரு பக்கத்துத் துளைகளிலிருந்து நீர் பீறிட, கைகள் எதிர்ப்பக்கமாகத் தாமே சுழலும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

அத்துளைகளை ஒரே இடைவெளியில் அமைத்தால் என்ன ஆகும்? இருபது மீட்டர் விட்டமுள்ள படுகையில், நடுவிலிருந்து முதல் மீட்டரைக் கடந்து இரண்டாம் மீட்டர் வரையுள்ள வளையத்தின் பரப்பு ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். விளிம்பை ஒட்டிய கடைசி ஒரு மீட்டர் வளையத்தின் பரப்போ ஏறத்தாழ அறுபது சதுர மீட்டர். சம இடைவெளி வைத்தால் இரு வளையங்களும் ஒரே அளவு நீரைப் பெறும். நடுவில் வெள்ளம், விளிம்பில் பஞ்சம்! ஆகவே நடுவில் துளைகளைத் தள்ளித் தள்ளியும், விளிம்பை நெருங்க நெருங்க நெருக்கமாகவும் அமைக்கிறார்கள். துளைகளின் இடைவெளி ஒத்திராததால்தான் கற்களுக்குக் கிடைக்கும் பங்கு ஒத்திருக்கிறது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். நீண்ட காற்றூட்டுத் தொட்டியின் தலைப்பில் கழிவு நீர் முழுவதையும் விட்டால், அங்கே உணவு குவிந்துவிடும். நுண்ணுயிர்கள் முண்டியடித்து உண்ண, பிராணவாயு தீர்ந்துபோகும். தொட்டியின் கடைப்பகுதியிலோ உண்ண ஒன்றும் இராது. அங்கே ஊதும் காற்றில் பெரும்பகுதி வீண். நம் வாய்க்கால்களில் தலைமடைக்காரர் வயல் அழுக, கடைமடைக்காரர் வயல் காய்வது போன்ற நிலை.

இதற்கு ஒரு மாற்றை 1939இல் நியூயார்க் நகரின் டால்மன் தீவு நிலையத்தில் ரிச்சர்ட் கூல்ட் என்னும் பொறியாளர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். திரும்பி வரும் கசடு முழுவதையும் தொட்டியின் தலைப்பிலேயே விட்டார். கழிவு நீரை மட்டும் தொட்டியின் நீளத்தில் பல இடங்களில் பிரித்து விட்டார். இதனைப் படிமுறை ஊட்டம் எனலாம். ஒரே வேளையில் முழுச் சோற்றையும் திணிக்காமல் வேளைக்கு வேளை பகுத்து ஊட்டுவது போன்றது இது.

இதனால் விளையும் நன்மையை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். தொட்டி நான்கு சம பகுதிகளாக இருக்கிறது. மணிக்கு 100 கனமீட்டர் கழிவு நீர் வருகிறது. 50 கனமீட்டர் கசட்டு நீர், கனமீட்டருக்கு 9 கிலோ கசட்டைச் சுமந்துகொண்டு திரும்புகிறது. அதாவது மணிக்கு 450 கிலோ. கழிவு நீர் முழுவதையும் தலைப்பிலேயே விட்டால் 150 கனமீட்டரில் 450 கிலோ கலக்கும். தொட்டி முழுவதிலும் கனமீட்டருக்கு 3 கிலோ கசடு இருக்கும். இனி அதே நீரை நான்கு பகுதிகளுக்கும் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்து விடுவோம். முதல் பகுதியில் 75 கனமீட்டரில் 450 கிலோ. ஆகவே கனமீட்டருக்கு 6 கிலோ. இரண்டாவதில் நான்கரை, மூன்றாவதில் 3.6, நான்காவதில் 3 கிலோ. தெளிவுத் தொட்டிக்குச் செல்லும் நீரில் முன்போலவே 3 கிலோதான். அதன் சுமை கூடவில்லை. ஆனால் காற்றூட்டுத் தொட்டியினுள் சராசரி 4.275 கிலோ. புதிய தொட்டி ஒன்றும் கட்டாமல், நீர் நுழையும் வாயில்களை மாற்றியதனாலேயே, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வேலையாட்கள் கூடுதலாகக் கிடைத்துவிட்டார்கள்!

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைசிப் பகுதியில் விட்ட நீருக்குத் தூய்மையடையக் கிடைக்கும் காலம் குறைவு. அங்கே அளவுக்கு மீறி விட்டால், அதிலுள்ள அமோனியா மாறாமலே வெளியேறிவிடும். ஆகவே கடைசி வாயிலின் பங்கைப் பெரும்பாலும் குறைத்தே வைப்பர்.

மூன்றாம் வகை மழை நாளுக்கு உரியது. நியூயார்க் நகரின் பல பகுதிகளில் மழை நீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் வரத்துத் திடீரெனப் பெருகும். நம் கணக்கிலேயே, நீரைத் தலைப்பில் விடும் தொட்டிக்கு 100க்குப் பதில் 200 கனமீட்டர் வருவதாகக் கொள்ளுங்கள். அப்போது மணிக்கு 250 கனமீட்டர், கனமீட்டருக்கு 3 கிலோ கசட்டோடு, தெளிவுத் தொட்டிக்குப் பாயும். அதாவது 750 கிலோ. திரும்பி வருவதோ 450 கிலோதான். மணிக்கு 300 கிலோ கசடு தெளிவுத் தொட்டியில் குவிந்து, விளிம்பு வரை ஏறி, ஆற்றில் போய் விழும். ஆற்றைக் காக்க வேண்டிய வேலையாட்கள் ஆற்றிலேயே அழுக்காகிவிடுவார்கள். மழை ஒரே நாளில் ஓய்ந்துவிடும். இழந்த நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள், ஆகும். அதுவரை ஊரின் கழிவு நீர் அரைகுறையாகவே வெளியேறும்.

படிமுறை வாயில்கள் உள்ள நிலையத்தில் அப்போது என்ன செய்வார்கள்? முதல் மூன்று வாயில்களை அடைத்து, வரும் நீர் முழுவதையும் கடைசி வாயிலில் விடுவார்கள். முதல் மூன்று பகுதிகளிலும் வெள்ளம் நுழைவதே இல்லை. திரும்பி வரும் கசடு அங்கே மெல்ல நகர்ந்து சேமிக்கப்படுகிறது. கடைசிப் பகுதி நீர்த்துப்போவதால் தெளிவுத் தொட்டியின் சுமை குறைகிறது. அன்றைய நீர் சற்றுக் குறைவாகவே தூய்மையடையும் என்பது மெய்யே. எனினும் மழை நீர் கலந்து நீர்த்து வருவதால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். மழை விட்டதும் வாயில்களைப் பழையபடி திறந்தால், வேலையாட்கள் மறுநாளே வேலைக்கு ஆயத்தமாக இருப்பார்கள். விதை நெல்லைப் பரண் மேல் ஏற்றிவிட்டு வெள்ளத்தை எதிர்கொள்ளும் உழவனின் அறிவு இது.

கூல்டின் முறை இன்று மற்றொரு பணிக்கும் உதவுகிறது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டு கடற்கழியில் நைட்ரஜன் மிகுந்து, பாசி செழித்து, கோடையில் அடிநீரில் பிராணவாயு குன்றியது. நைட்ரஜனை அகற்றும் பாக்டீரியாக்களுக்குக் காற்றில்லாத இடமும், அங்கே உண்ணச் சிறிது புதிய உணவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாயிலுக்கும் அடுத்த சிறு பகுதியில் காற்றை நிறுத்திவைத்து, அங்கே கழிவு நீரின் ஒரு பங்கை விடுகிறார்கள். அழுக்கு என்று நாம் தள்ளியதே அங்கு மருந்தாகிறது.

மாணவ நண்பர்களே, நீங்களே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் எதிரெதிர் விளிம்புகளில் ஒரே அகலமுள்ள இரண்டு சதுர வெட்டுகள் வெட்டுங்கள். டப்பாவைக் குழாயடியில் வைத்து, இரு புறமும் வழியும் நீரை இரு பாத்திரங்களில் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு டப்பாவின் ஒரு பக்கத்தின் கீழ் நான்கைந்து தாள்களை மடித்து வைத்து மறுபடியும் அளவுங்கள். குழாயை நன்றாகத் திறந்து ஒரு முறையும், மெல்லத் திறந்து ஒரு முறையும் செய்யுங்கள். ரசமட்டத்தின் குமிழி எங்களுக்குக் கற்பித்த பாடத்தை அந்த இரு பாத்திரங்களும் உங்களுக்குக் கற்பிக்கும்.

அன்று நாங்கள் கண்ட கறுத்த தொட்டியைப் பற்றி ஒரு சொல். அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பை அழைத்துச் சென்றபோது கலிங்கில் புதிய தகடு பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு தொட்டிகளும் ஒரே பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருந்தன. எது முன்பு கறுத்திருந்த தொட்டி என்று அப்பிள்ளைகளுக்கு நான் விரலால் சுட்டிக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது.